வெளிநாட்டுக்குப் போகும் உணவு உதவி: தானியமா, பணமா, யார் முடிவு செய்வது?

கன்னங்குறிச்சிக்காரன் | சனி, இரவு 9.10

வணக்கம் சேலம் மக்களே. 2025 ஜூலையில் வந்த ஒரு செய்தி என்னை இன்னும் விடவில்லை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் குழந்தைகளுக்காக அமெரிக்க அரசு வாங்கி துபாய்க் கிடங்கில் வைத்திருந்த சத்து பிஸ்கட், கிட்டத்தட்ட 500 டன், காலாவதி ஆகப்போகிறது என்று எரிக்கப்பட்டது. சுமார் 15 லட்சம் குழந்தைகளுக்கு ஒரு வாரம் கொடுத்திருக்கலாம். யூஎஸ்எய்டு என்ற உதவி நிறுவனத்தை அதே மாதம் 1ஆம் தேதிதான் இழுத்து மூடினார்கள். கிடங்கில் சரக்கு இருந்தது, பசித்த பிள்ளைகளும் இருந்தார்கள். அனுப்பலாம் என்ற ஒப்புதல்தான் வரவில்லை.

வீட்டில் இதைப் பேசியபோது இரண்டு கட்சி ஆகிவிட்டது. உதவியே ஏமாற்று, பணக்கார நாடு தன் உபரியைத் தள்ளிவிடுகிறது என்று ஒரு கட்சி. யார் எதற்காகக் கொடுத்தால் என்ன, பிள்ளை வயிற்றுக்குப் போனால் போதும் என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டும் பாதிதான் சரி என்று படுகிறது. உதவி வேண்டும், சந்தேகமே இல்லை. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்கு 2024இல் வந்த பணத்தில் கிட்டத்தட்ட பாதி அமெரிக்கா கொடுத்தது. அது சுருங்கும்போது சூடானிலும் ஆப்கானிஸ்தானிலும் ரேஷன் வெட்டப்படுகிறது. ஆனால் என்ன பொருள், எங்கே வாங்கியது, எப்போது வருகிறது என்பதை எல்லாம் கொடுக்கிறவனே முடிவு செய்தால் என்ன ஆகும்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

பழைய வாத்தியார் | சனி, இரவு 10.25

தம்பி, இதைக் கேட்க சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறீர்கள். நான் அறுபதுகளில் ஓமலூர் பக்கம் ஒரு பஞ்சாயத்துப் பள்ளியில் படித்தவன், பிறகு அதே வட்டாரத்தில் பாடம் நடத்தியவன். காமராஜர் 1956இல் மதிய உணவு தொடங்கினார். 1961 முதல் கேர் என்ற அமெரிக்க அமைப்பு அதற்குப் பால் பவுடரும் எண்ணெயும் தானியமும் கொடுத்தது. எங்களுக்கு வந்தது பல்கர் கோதுமை, அதாவது அவித்து உலர்த்தி உடைத்த கோதுமை. அதில் உப்புமா. சில நாள் மக்காச்சோள மாவுக் கஞ்சி. எண்ணெய் டின்னிலும் மாவுப் பையிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். காலி மாவுப் பைகளைப் பிரித்து பையன்களுக்கு டவுசர் தைத்துப் போடுவார்கள். எத்தனை முறை துவைத்தாலும் அந்தக் கைப் படத்தின் மை போகாது. இன்றைக்கு என் வயதுக்காரர்கள் பலர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருப்பதற்கு அந்த உப்புமாவும் ஒரு காரணம். அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

இனி மறுபக்கம். உபரி தானியத்தை வெளிநாடுகளுக்கு அனுப்ப அமெரிக்கா 1954இல் பி.எல்.480 என்ற சட்டம் கொண்டுவந்தது. அங்கே கோதுமை விளைந்து கிடங்கில் குவிந்து கிடந்தது. விவசாயிக்கு விலை விழக் கூடாது, நட்பு நாடுகளும் கைக்குள் இருக்க வேண்டும். 1961இல் கென்னடி காலத்தில் அதற்கு 'அமைதிக்கான உணவு' என்று பெயர் வந்தது. இந்தியா 1956இல் ஒப்பந்தம் போட்டு, டாலர் இல்லாமல் ரூபாயிலேயே வாங்கியது. 1965, 1966இல் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் கப்பலில் வந்தது.

அப்போதுதான் அமெரிக்க அதிபர் ஜான்சன் கயிற்றை இறுக்கினார். ஒரே தடவையில் வருஷக் கணக்குக்கு ஒப்புதல் கிடையாது; கொஞ்சம் கொஞ்சமாக, அவர் கையெழுத்துப் போட்டால்தான் கப்பல் கிளம்பும். விவசாயத்துக்கு நீங்கள் பணம் ஒதுக்க வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். வியட்நாம் போரைப் பற்றி தில்லி வாய் திறந்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசி கப்பலில் வந்தது தீர்வதற்குள் அடுத்தது வருமா என்று ஒரு தேசமே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நம் ஊரில் அந்தக் காலம் எப்படி என்றால், ரேஷனில் அமெரிக்காவிலிருந்து வந்த மைலோ சோளம். அரிசிச் சோறு தின்று பழகிய வீடுகளில் அதைக் களியாகக் கிளறி, குழந்தைகள் முகம் சுளிக்க, வெல்லம் கரைத்து ஊற்றினார்கள். 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற முழக்கம் அந்த வயிற்றிலிருந்து வந்ததுதான். மெக்சிகோ கோதுமை விதை 18,000 டன்னைத் துணிந்து இறக்குமதி செய்த உணவு அமைச்சர் சி.சுப்பிரமணியம் அதே தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். பசுமைப் புரட்சியின் குறைகளைப் பற்றித் தனி இழையே போடலாம். ஆனால் அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இருந்த அவமானத்தை அந்தக் காலத்தில் வாழ்ந்தவன் மறக்க மாட்டான்.

லீபஜார் மண்டி | ஞாயிறு, காலை 7.40

வாத்தியார் ஐயா, அருமை. நான் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரன். வியாபாரக் கண்ணோட சொல்றேன்.

அறுவடை சமயத்தில் எங்கள் தெருவில் வழக்கத்தைவிட நாலைந்து லாரி கூடுதலாக இறங்கினாலே அன்றைய விலை ஆடிப்போகும். மூட்டை இறக்குகிறவருக்கே மதியத்துக்குள் அது தெரிந்துவிடும். இப்போது ஒரு கப்பல் தானியம், சும்மா வந்தது, ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாட்டின் சந்தையில் இறங்கினால் அந்த ஊர் விவசாயி கதி என்ன? இது கற்பனை இல்லைங்க. அமெரிக்கக் கோதுமையை வாங்கி, அதை அந்த நாட்டிலேயே விற்று, வந்த பணத்தில் நலத்திட்டம் நடத்துவது என்று தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு வழி இருந்தது. அதில் மூன்று வருஷத்தில் 21.9 கோடி டாலர் நஷ்டம் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2011இல் எழுதியது. அதற்கு முன்னாலேயே, 2007இல், வாத்தியார் சொன்ன அதே கேர், வருஷத்துக்குச் சுமார் 4.5 கோடி டாலர் மதிப்புள்ள அந்த உதவி எங்களுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தது. அந்த முடிவை நான் ரொம்ப மதிக்கிறேன். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்ல மனசு வேண்டும்.

அப்புறம் வண்டி வாடகை. அமெரிக்க உணவு உதவியில் பாதியாவது அமெரிக்கக் கொடி போட்ட கப்பலில்தான் போக வேண்டும் என்று சட்டம். அவசர உதவிக்கு ஒதுக்கும் பணத்தில் சுமார் 65 சதவீதம் போக்குவரத்துக்கும் நிர்வாகத்துக்கும் போகிறது என்று 2007 தணிக்கை அறிக்கை சொன்னது. நூறு ரூபாய்க்குச் சரக்கு வாங்கப் போனவன் அறுபத்தைந்து ரூபாயை லாரிக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் கொடுத்துவிட்டு வந்தால் மண்டியில் அவனை என்ன சொல்வார்கள்? பக்கத்து நாட்டிலோ அதே நாட்டிலோ வாங்கினால் சகாராவுக்குத் தெற்கே 34 சதவீதம் குறைவாகவும், நூறு நாளுக்கு மேல் முன்னாடியும் சரக்கு போய்ச் சேர்ந்தது என்பது 2009 கணக்கு. பட்டினியில் நூறு நாள் என்பது சின்ன விஷயமா?

என் கருத்து ஒரே வரி: அங்கேயே வாங்கு, அங்கேயே கொடு.

தலைவாசல் மரவள்ளி | ஞாயிறு, காலை 11.05

அண்ணன் சொன்னதை நான் காட்டில் நின்று ஆமோதிக்கிறேன். எங்களுக்கு ஆத்தூர், தலைவாசல் பக்கம் மரவள்ளிதான் வாழ்வு. பத்து மாசம் காத்திருந்து கிழங்கு பிடுங்கும் நேரத்தில், எங்கேயோ சில ஆலைகளில் மரவள்ளி மாவோடு மக்காச்சோள மாவைக் கலந்து சவ்வரிசி ஓட்டினால் எங்கள் கிழங்கு விலை சரிந்துவிடும். பிடுங்கின கிழங்கை வைத்திருக்க முடியாது, ரெண்டு மூணு நாளில் உள்ளே நீலம் பாய்ந்துவிடும். கேட்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். அதனால் மலிவுச் சரக்கு வந்து இறங்குவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹெய்ட்டி நாட்டைப் பாருங்கள். 1995இல் அமெரிக்க அழுத்தத்தால் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்கு இறக்கினார்கள். மானியம் வாங்கிய அமெரிக்க அரிசி உள்ளே வந்தது. அது பெரும்பாலும் வியாபார அரிசி, உதவி அரிசி இல்லைதான். ஆனால் சோற்றுக்கு வழி செய்கிறோம் என்ற பெயரில்தான் கதவு திறந்தது. உள்ளூர் நெல் விவசாயி ஒழிந்தான். அப்போது அமெரிக்க அதிபராக இருந்த கிளிண்டனே 2010இல் அமெரிக்க செனட் குழு முன்னால், அது தன் ஆர்கன்சா மாநிலத்து விவசாயிகளுக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஹெய்ட்டிக்கு ஆகவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

நம் அரசும் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து சேமியா, ரவை வாங்குவதற்குப் பதில் சத்துணவிலும் காலை உணவிலும் சவ்வரிசியைச் சேருங்கள் என்று நாங்கள் எத்தனை காலமாகக் கேட்கிறோம்.

சத்துணவு அமைப்பாளர் | ஞாயிறு, மதியம் 3.30

தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் கடைசியில் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளியில் பல வருஷமாகச் சத்துணவு பார்க்கிறேன். தட்டு வைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளை நேரில் பார்க்கிறவள்.

சவ்வரிசி முழுக்க மாவுச்சத்து. புரதம் கிட்டத்தட்ட இல்லை. தெம்பு கொடுக்கும், உடம்பை வளர்க்காது. பாயசத்துக்குச் சரி, விரத நாளுக்குச் சரி. காலையில் வெறும் டீ குடித்துவிட்டு வருகிற பிள்ளைக்குத் தினசரி அதை ஊற்றினால் நான் என்ன பதில் சொல்வேன்? எங்கள் சமையலறையில் முட்டை வந்த பிறகுதான் பிள்ளைகள் முகத்தில் ஒரு களை வந்தது. முட்டை இல்லாத நாளில் தட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும் பிள்ளையை நான் அறிவேன்.

யோசித்துப் பாருங்கள். என் ஊரில் விளைகிறது, விலை இல்லை, அதனால் பசித்தவனுக்குக் கொடு என்பதுதான் அமெரிக்கா 1954இல் சொன்னது. கான்சாஸ் கோதுமை விவசாயி கேட்டதும் நீங்கள் கேட்பதும் ஒரே நியாயம். அவரும் பாடுபட்டவர்தான். ஆனால் பிள்ளைக்கு என்ன தேவை என்ற கேள்வி அதில் இரண்டாவதாகப் போய்விடுகிறது. தூரத்துக் கோதுமை என்றால் நமக்குத் தப்பு தெரிகிறது. நம் பக்கத்துக் கிழங்கு என்றால் தெரியாமல் போய்விடக் கூடாது.

தலைவாசல் மரவள்ளி | ஞாயிறு, மாலை 6.15

அக்கா, இது தைத்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கான்சாஸ் விவசாயியின் பிள்ளை அந்தக் கோதுமை உப்புமாவைச் சாப்பிடவில்லை. என் பிள்ளை இந்தச் சத்துணவுக்கூடத்தில்தான் சாப்பிடுகிறது. நான் வாங்கும் விலையும் அதன் தட்டும் ஒரே வீட்டுக்குத்தான் வருகிறது. தினமும் வேண்டாம். பயறோ நிலக்கடலையோ சேர்த்து வாரம் ஒரு நாள் கிச்சடியாகக் கொடுக்க முடியாதா? கடலை போட்ட சவ்வரிசிக் கிச்சடியை வடக்கே வீட்டுக்கு வீடு செய்கிறார்கள்.

சத்துணவு அமைப்பாளர் | ஞாயிறு, மாலை 6.50

கடலை போட்டு வாரம் ஒரு நாள் என்றால் நானே சமைத்துப் போடுவேன். நூறு பிள்ளைகளுக்குக் குழையாமல், ஒட்டாமல் வர எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும் என்று உங்கள் வீட்டில் கேட்டு எழுதுங்கள். பெரிய சட்டியில் சவ்வரிசி அடி பிடிக்கும்.

வெள்ளக்கடை சாமை | ஞாயிறு, இரவு 8.20

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சேர்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் தின்று வளர்ந்தவர்கள். என் பாட்டிக்கு அரிசிச் சோறு என்பது விசேஷ நாளில் மட்டும். ரேஷனில் அரிசி மலிவாகவும் பிறகு இலவசமாகவும் வந்தது. பஞ்ச காலத்தில் அது உயிரைக் காத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது சாமை விதைக்க ஆளில்லை. உமி நீக்க உரலில் பாதி நாள் குத்த வேண்டும். கடையில் வெள்ளை அரிசி மூட்டையாக இருக்கிறது. ஒரு தலைமுறையில் வாய்ருசி மாறிவிட்டது. ருசி மாறினால் விதை போகும், விதை போனால் நிலத்தில் காப்பியும் மிளகும் சில்வர் ஓக்கும் மட்டும்தான்.

எங்கிருந்தோ வரும் உணவு அந்த ஊர் உணவை என்ன செய்யும் என்பதற்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, சத்துணவு அக்காவுக்கும் ஆட்சேபம் இருக்காது. அதை ஏற்காட்டுக்கும் கொண்டுவர வேண்டும். மலையடிவாரத்திலேயே ஒரு உமி நீக்கும் மெஷினும் வேண்டும்.

நாலு ரோடு | ஞாயிறு, இரவு 9.00

எல்லாம் சரி. நம் நாட்டிலேயே அரை வயிற்றோடு தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் வீட்டைப் பார்ப்போம். ஆப்கானிஸ்தானுக்கு 50,000 டன் கோதுமை, இலங்கைக்கு அரிசி என்று நாம் ஏன் அள்ளிக் கொடுக்க வேண்டும்?

கன்னங்குறிச்சிக்காரன் | ஞாயிறு, இரவு 10.30

நாலு ரோடு நண்பரே, வீட்டைப் பார்க்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மத்தியத் தொகுப்பில் கோடிக்கணக்கான டன் தானியம் இருக்கிறது. 50,000 டன் போனதால் இங்கே யாருடைய ரேஷனும் குறையவில்லை. இங்கே பசி இருப்பது தானியம் இல்லாததால் அல்ல. கையில் காசும் வேலையும் இல்லாததால், அட்டை இல்லாததால். 1943 வங்கப் பஞ்சத்தைப் பற்றிப் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் காட்டியதும் அதுதான். சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். உணவு அடியோடு இல்லாமல் போகவில்லை. வாங்கும் சக்திதான் அவர்களிடம் இல்லை.

இரண்டாவது, கொடுக்காமல் இருப்பதும் சும்மா இருப்பதாகாது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நாம் தடை செய்தோம். உள்ளூர் விலைக்காக என்று காரணம் இருந்தது. ஆனால் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியபோது அடி வாங்கியது மேற்கு ஆப்பிரிக்காவில் நம் அரிசியை நம்பிச் சாப்பிட்ட ஏழைகள். 1966இல் நாம் துறைமுகத்தைப் பார்த்து நின்ற மாதிரிதான் அவர்கள் நின்றார்கள். அப்போது கயிறு ஜான்சன் கையில், இப்போது தில்லி கையில்.

கயிறு என்றால் எவ்வளவு கொடூரம் என்பதற்கு 1974 வங்கதேசம் சாட்சி. வெள்ளம், பஞ்சம். கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றார்கள் என்பதற்காக அமெரிக்கா உணவு உதவியை நிறுத்தி வைத்தது. வியாபாரத்தை விட்டுவிடுகிறோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டு, தானியம் வந்து சேர்ந்தபோது சாக வேண்டியவர்கள் செத்திருந்தார்கள்.

ஆனால் வாங்குகிறவன் கையில் பிடி இருந்தால் அதே உபரி வேறு மாதிரி வேலை செய்யும். 1970இல் வெண்மைப் புரட்சி தொடங்கியபோது ஐரோப்பாவில் பால் பவுடரும் வெண்ணெயும் மலையாகக் கிடந்தன. உலக உணவுத் திட்டம் வழியாக 1,26,000 டன் பால் பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் நமக்குத் தர ஏற்பாடானது. அந்தத் திட்டத்தை நடத்திய வர்கீஸ் குரியன் அதைத் தெருவில் இலவசமாக ஊற்ற விடவில்லை. ஊற்றியிருந்தால் உள்ளூர்ப் பால்காரர் அன்றைக்கே மாட்டை விற்றிருப்பார். பால் பண்ணைகள் அதை நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தைக் கூட்டுறவுச் சங்கங்களிலும் குளிரூட்டும் நிலையங்களிலும் போட்டன. இன்று வாழப்பாடியிலோ மேச்சேரியிலோ ஒரு அம்மா விடியற்காலையில் சங்கத்துக்குப் போய் பால் ஊற்றி, கொழுப்பு அளவு எழுதிய சீட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறார் என்றால், அந்த முறையின் ஆரம்ப முதலில் ஐரோப்பாவின் உபரிக்கும் பங்கு உண்டு. கொடுத்தவர்கள் நோக்கம் அன்றும் உபரியைக் கழிப்பதுதான். நாம் போட்ட நிபந்தனைதான் வித்தியாசம்.

அதனால் மண்டி அண்ணன் சொன்ன ஒரு வரியை முழுசாக ஏற்கிறேன். அங்கேயே வாங்கிக் கொடுப்பதே நல்லது.

கடல்தாண்டி | திங்கள், காலை 6.20

எல்லாரும் எழுதியதை ராத்திரி முழுக்க வாசித்தேன். நான் தாரமங்கலம் பக்கத்து மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்தவள். எங்கட சொந்தக்காரர் பாதிப் பேர் இன்னும் யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் இருக்கினம்.

அங்கேயே வாங்கிக் கொடு என்பது 2022 இலங்கையில் நடந்திருக்காது. நாட்டிடம் டாலர் இல்லை. கப்பல் வந்து நின்றாலும் சரக்கை இறக்கப் பணம் கட்ட முடியவில்லை. பால் மா (பால் பவுடர்) கடையிலேயே இல்லை. அத்தை தொலைபேசியில் சொன்னது நினைவிருக்கிறது: கையில் ரூபாய் இருக்கு, பிள்ளைக்குக் கரைக்கப் பால் மா இல்லை என்று. போதாததற்கு அதற்கு முந்திய வருஷம் ரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்து நெல் விளைச்சலும் விழுந்திருந்தது. அந்த நேரத்தில் பணம் அனுப்பினால் இருக்கிற கொஞ்சப் பொருளின் விலைதான் ஏறும். பொருள்தான் வேண்டும், அதுவும் உடனே.

தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரல் 29இல் தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் மா, 137 வகை மருந்து, மொத்தம் 123 கோடி ரூபாய். மே 18இல் முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டது. தீர்மானத்துக்கும் கப்பலுக்கும் மூன்று கிழமை (வாரம்) கூட இல்லை. மண்டி அண்ணா சொன்ன அமெரிக்கக் கப்பல் கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் எழுத வேணும். முதலில் ஈழத் தமிழருக்கு என்றுதான் இங்கே பேச்சு வந்தது. எங்களுக்கு மட்டும் தனியாக வேண்டாம், எல்லா மக்களுக்கும் சேர்த்து அனுப்புங்கள் என்று அங்குள்ள தமிழ்த் தரப்பே கேட்டுக்கொண்டது. அதை முதல்வர் சட்டமன்றத்தில் சொன்னார், அப்படியே அனுப்பவும் செய்தார்கள். வாங்குகிறவர்கள் சொன்ன நிபந்தனையைக் கொடுத்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். வரிசையில் சிங்களத் தாயும் முஸ்லிம் தாயும் தமிழ்த் தாயும் ஒரே மூட்டையிலிருந்து வாங்கினால் பிறகு ஊருக்குள் முகம் பார்த்துப் பேசலாம்.

லீபஜார் மண்டி | திங்கள், காலை 8.05

தங்கச்சி சொன்னதைப் படித்த பிறகு என் ஒரு வரியை இரண்டு வரியாக்குகிறேன். கடையில் சரக்கு இருந்து ஜனங்கள் கையில் காசு இல்லை என்றால் காசைக் கொடு, அல்லது அங்கேயே வாங்கிக் கொடு. கடையிலேயே சரக்கு இல்லை, வெளியே வாங்க அந்த நாட்டிடம் டாலரும் இல்லை என்றால் மூட்டையை அனுப்பு.

இதைக் கண்டுபிடிக்க பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அந்த ஊர்ச் சந்தையில் நாலு வாரம் விலை பார்த்தாலே போதும். காசு கொடுத்த பிறகும் விலை அமைதியாக இருந்தால் சரக்கு வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எகிறினால் சரக்கு இல்லை. உலக உணவுத் திட்டமே இப்போது கணிசமான பங்கைப் பணமாகக் கொடுப்பதும், ஊர் ஊராகச் சந்தை விலையை எழுதி வைப்பதும் இதற்காகத்தான்.

நாலு ரோடு தம்பிக்கு ஒரு கணக்கு. அந்த 40,000 டன் அரிசிக்கு ஒதுக்கியது 80 கோடி. கிலோவுக்கு 20 ரூபாய். அன்றைக்கு எங்கள் தெருவில் சாதாரண இட்லி அரிசி கூட அந்த விலைக்குக் கிடைக்காது. அள்ளிக் கொடுத்தோம் என்று சொல்லும் அளவுக்குச் செலவு இல்லை.

ஏற்காட்டுத் தம்பி, சாமை அறுவடை முடிந்ததும் உமியோடு ஒரு மூட்டை கொண்டு வாருங்கள். இங்கே தெரிந்த மில்லில் அரைத்துப் பார்த்து, நொய் எவ்வளவு போகிறது, கிலோவுக்கு என்ன அடங்குகிறது என்று கணக்குப் போட்டு இங்கேயே எழுதுகிறேன்.

சத்துணவு அமைப்பாளர் | திங்கள், காலை 8.40

அந்த மூட்டையில் எனக்கு இரண்டு கிலோ எடுத்து வையுங்கள். முதலில் எங்கள் பள்ளியில் சாம்பார் சாதமாகச் செய்து பார்க்கிறேன்.